இடக்கை உயர்ந்த நாள்

கீழ்வானத்தின் விளிம்பில் வெளுப்புப் படர்ந்து, அவ்வெளுப்பு மெல்லப் பொன்னிறங்கொண்டு, ஓட்டுக் கூரைகளின்மீதும் நீர்த்தொட்டிகளின்மீதும் வழிந்திறங்கி, ஆலைச் சங்கின் முதல் ஒலியில் தெருக்கள் கண்விழித்து, பால் வண்டிகளும் நாளிதழ் சுமந்த மிதிவண்டிகளும் ஒன்றையொன்று முந்தியோடி ஓய்ந்தபின், பள்ளிப் பிள்ளைகளின் ஆரவாரம் எழுவதற்கு முன்னர், எவருக்கும் உரியதல்லாத ஓர் அரைமணி நேரம் அவ்வூருக்கு நாள்தோறும் வாய்ப்பதுண்டு. அந்த அரைமணியில் பெரிய சாலையின் கடைக்கோடியில் இரண்டு கட்டடங்கள் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். மூன்று மாடிகளோடு நிமிர்ந்து நிற்பது ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி. எதிரே ஒரே தளமாக நீண்டு கிடப்பது அதன் பயிற்சிப் பள்ளி. இடையே ஒரு மணல் முற்றம், ஒரு நிழல்மரம், சொட்டுவதை நிறுத்தாத ஒரு குழாய். நூல்பல கற்ற அன்பரே, கற்பிப்பது எப்படி என்று கற்க வந்தவர்கள் இம்முற்றத்தைக் கடந்து போய்க் கற்பித்துப் பழகுவர். கடக்கும்போது பலருக்கும் கால் நடுங்கும் என்பதை அந்த மணல் அறியும்.

அன்று அந்த அரைமணியில், பயிற்சிப் பள்ளியின் நான்காம் வகுப்பறையில், ஒருத்தி கரும்பலகையை மூன்றாம் முறையாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். அகவை நாற்பத்தொன்று. பதினாறு ஆண்டுகள் தையற்கடை ஒன்றில் துணி வெட்டியவள். கத்தரி பிடித்துக் காய்த்த கட்டைவிரலோடு, அஞ்சல்வழியே பட்டம் முடித்து, தன் மகள் அகவையுடைய பெண்களோடு ஒரே வரிசையில் அமர்ந்து பயில வந்தவள். சேர்ந்த முதல் நாளில், பழக்கத்தால் கழுத்தில் கிடந்த அளவுநாடாவைக் கழற்ற மறந்தே வந்துவிட்டாள். அன்று முதல் அவள் பெயர் ‘அளவுநாடா’ ஆயிற்று. உடன் பயில்வோர் அக்கா என்று அழைத்தாலும், அவள் அப்பால் நகர்ந்ததும் அப்பெயர்தான் வழங்கும். அவளும் அதை அறிவாள், அறிந்தும் சினந்ததில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கடையில் துணி வெட்டக் கற்க வந்த பெண்களுக்கு, இவ்வளைவு ஏன் இங்கே, இம்மடிப்பு ஏன் அங்கே என்று எடுத்துச் சொல்லி, புரியாமல் இருந்த முகமொன்று புரிந்துகொண்டு மலர்வதைக் கண்ட நாள்களில், கூலி வாங்கிய நாளினும் பெரிய மகிழ்ச்சியோடு வீடு திரும்பியவள் அவள். அம்மகிழ்ச்சியைத் தொழிலாகக் கொள்ளலாம் என்பது அவளுக்கு முப்பத்தேழாம் அகவையில்தான் தோன்றிற்று. காலங்கடந்து தோன்றியதாலோ என்னவோ, இறுகப் பற்றிக்கொண்டாள்.

ஆயினும் கற்பித்தல் தேர்வு அவளை இரண்டு முறை தோற்கடித்திருந்தது. நாற்பது மணித்துளிப் பாடம் ஒன்றை, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் கடைசி இருக்கையில் அமர்ந்து நோக்க, எழுதிய குறிப்பின்படியே நடத்தி முடிக்க வேண்டும். முதன்முறை அச்சத்தால் பத்தொன்பது மணித்துளியில் முழுப்பாடத்தையும் கொட்டித் தீர்த்துவிட்டு, எஞ்சிய நேரம் முழுதும் சுண்ணக்கட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டாம் முறை ஒரு பிள்ளையின் ஐயத்தைத் தீர்க்கப் புகுந்து, பாடம் பாதியில் கிடக்க மணி அடித்துவிட்டது. மூன்று முறைக்குமேல் தேர்வெழுத விதி இடந்தராது. இன்று தவறினால் நான்காண்டு உழைப்பும் வீண். மீண்டும் கத்தரிதான், மீண்டும் அந்தக் கடைதான்.

அவளுக்குக் கற்பிக்கும் முறைகளைப் பயிற்றியவர் அவளினும் பத்தாண்டு இளையவர். குறிப்பேடுகளைச் சிவப்பு மையால் திருத்துவதில் இரக்கமற்றவர். பாடக்குறிப்பு என்பது ஐந்து கட்டங்களால் ஆனது. காலம் ஒரு கட்டம், ஆசிரியர் செய்வது ஒரு கட்டம், கரும்பலகையில் எழுதுவது ஒரு கட்டம், துணைப்பொருள் ஒரு கட்டம். இவற்றோடு, ‘மாணவரிடம் எதிர்பார்க்கும் விடை’ என்று ஒரு கட்டம். இந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குச் சிரிப்பு வரும். துணியை அளக்காமலே அளவை எழுதிவைப்பதுபோல அல்லவா இருக்கிறது என்று ஒருமுறை வாய்விட்டே கேட்டுவிட்டாள். பயிற்றுநர் சிரிக்கவில்லை.

“அக்கா, உங்க பாடத்துல குறையே இல்ல. நேரத்துலதான் குறை. இந்தத் தடவை யார் என்ன கேட்டாலும் நிக்காதீங்க. குறிப்புல இருக்கறத மணி அடிக்கறதுக்குள்ள முடிங்க. அவ்வளவு போதும்” என்று அவர் முந்தின வாரம் சொன்னபோது, அக்குரலில் கண்டிப்பைவிடக் கெஞ்சலே மிகுந்திருந்தது.

இனி, இப்பள்ளிப் பிள்ளைகளின் இயல்பைச் சொல்லாவிடில் இக்கதை விளங்காது. ஆண்டுதோறும் அறுபது எழுபது பயிற்சி ஆசிரியர்கள் முற்றம் கடந்து வந்து, அதே பாடங்களை, அதே படங்களோடு, நடுங்கும் அதே குரலில் நடத்திவிட்டுப் போவதைக் கண்டு கண்டு, அப்பிள்ளைகள் கற்பித்தல் முறையில் கரைகண்டவராயினர். ‘ஆர்வமூட்டல்’ முடியும் முன்பே அடுத்து வருவதறிந்து ஏட்டைத் திறந்து வைப்பர். ஆசிரியர் படத்தாளைத் தலைகீழாக மாட்டினால், கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பார்ப்பார்களேயன்றிக் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். “கதை சொல்லித் தொடங்குங்க டீச்சர். போன வருஷம் வந்த சார் அப்படித்தான் பண்ணாரு. எண்பது மார்க்” என்று அறிவுரையும் வழங்குவர். (அவர்கள் வாய்மொழியில் கலந்த பிறமொழிச் சொற்களைப் பொறுத்தருள்க, ஒன்பது அகவைப் பிள்ளையைத் திருத்தும் துணிவு எமக்கில்லை.)

இவற்றுக்கெல்லாம் முடிமணியாக அங்கே ஒரு மறைவழக்கும் நிலவியது. தேர்வு நாளன்று ஆசிரியர் வினா எழுப்பினால் எல்லாப் பிள்ளைகளும் கையுயர்த்த வேண்டும். விடை அறிந்தவர் வலக்கை, அறியாதவர் இடக்கை. ஆசிரியர் வலக்கைகளை மட்டும் தேர்ந்து அழைப்பார். பின்னிருக்கையில் அமர்ந்த தேர்வாளருக்கோ அறை நிறைய எழுந்த கைகளே தெரியும். உள்ளங்குளிர்ந்து மதிப்பெண் வழங்குவார். யார் தொடங்கியது, எப்போது தொடங்கியது என்பதை எவரும் அறியார். அண்ணன் தம்பிக்குச் சொல்லி, அக்காள் தங்கைக்குச் சொல்லி, புத்தகத்தில் இல்லாத அந்த ஒரு பாடம் மட்டும் எவரும் மறவாமல் வழிவழியாக வந்துகொண்டிருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் மாலை, பள்ளி விடும் வேளையில், வகுப்புத் தலைவி இருவரைத் துணைக்கழைத்துக்கொண்டு அவளிடம் வந்தாள். எட்டு ஊர் வழக்கைத் தீர்த்துவைப்பவள்போல் இடுப்பில் கைவைத்துப் பேசுவதால் ‘நாட்டாமை’ என்று பட்டப்பெயர் பெற்ற சிறுமி அவள்.

“டீச்சர், நாளைக்கு எதுக்கும் பயப்படாதீங்க. நாங்க பேசி வெச்சிட்டோம்.”

“என்னம்மா பேசி வெச்சீங்க?”

“தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. நீங்க வலது கையா பாத்துக் கேளுங்க, மத்தத நாங்க பாத்துக்கறோம். போன தடவை நீங்க ஃபெயில் ஆனது எங்களுக்கே ரொம்ப அவமானமாப் போச்சு டீச்சர்.”

அவள் சிரித்துவிட்டாள், சிரித்த கண்ணில் நீரும் துளிர்த்தது. இடைவேளைகளில் அறுந்த பொத்தானைத் தைத்தும், கிழிந்த பையை ஒட்டுப்போட்டும், பிரிந்த மடிப்பை மடித்துக் கொடுத்தும், எட்டு வாரங்களில் அவள் ஊசி படாத சட்டை அவ்வகுப்பில் ஒன்றிரண்டே. அதற்குக் கைம்மாறாகப் பிள்ளைகள் தங்களிடம் இருந்ததைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அவள் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. மூன்றாம் முறை என்னும் அச்சம் அவள் நாவைக் கட்டிற்று.

வீட்டில் அன்று மாலை அவள் கணவர், ஆலையில் மின்பணி செய்பவர், மாணவராக நடிக்க ஒப்புக்கொண்டு, கைகட்டி, சிறிய முக்காலியில் பெரிய உடலைத் திணித்து அமர்ந்திருந்தார். அவள் சுவரில் மாட்டிய படத்தைக் கோலால் சுட்டிக் கேட்டாள்.

“மூணுல ஒரு பங்கு பெருசா, ஆறுல ஒரு பங்கு பெருசா?”

“மூணுல ஒரு பங்கு டீச்சர்.”

“எப்படிச் சொல்ற?”

“ஒரு வாரமா சோறு போடும்போதும் நீ அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்க? ஏன் எதுக்குன்னெல்லாம் கேக்காதம்மா. நீ அடிச்சுச் சொல்ற, நான் தலையாட்டறேன். கல்யாணம் ஆன நாள்லேருந்து நம்ம வீட்டுல அதானே நடக்குது!”

இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தனர். ஆனால் அடுப்படிக்குத் திரும்பிய அவளுக்கு அச்சிரிப்பு நெஞ்சில் இறங்கவில்லை. விடை சரி, விடைக்குப் பின்னே ஒன்றுமில்லை. மேலே நேர்த்தியாகத் தெரிந்து, உள்ளே தையலே போடாத துணியை அவள் எத்தனையோ முறை பிரித்தெறிந்திருக்கிறாள். அன்று அவள் உண்டது குறைவு.

இப்போது தேர்வு நாளுக்கு மீள்வோம். மணி ஒன்பதரை. முப்பத்தாறு பிள்ளைகளும் எண்ணெய் தடவிச் சீவிய தலையும் துவைத்த சட்டையுமாக, திருமண வீட்டார் போன்ற பொறுப்போடு அமர்ந்திருந்தனர். கடைசி வரிசையில் இரு நாற்காலிகள். ஒன்றில் தேர்வாளர், இருபத்திரண்டு ஆண்டுகளாக அப்பள்ளிக்கு வந்துபோகும் நரைத்த தலையினர், மணிப்பொறியைக் கழற்றி எதிரே வைத்துக்கொண்டு, பாடக்குறிப்பை விரித்து அமர்ந்திருந்தார். மற்றொன்றில் பயிற்றுநர், விரல்களைக் கோத்தும் பிரித்தும் கொண்டிருந்தார்.

பாடம் தொடங்கிற்று, தடையின்றி ஓடிற்று. ஐந்தாம் மணித்துளியில் ஆர்வமூட்டல் முடிந்தது, குறிப்பில் இருந்தபடி. பதினோராம் மணித்துளியில் விளக்கம் முடிந்தது, குறிப்பில் இருந்தபடி. பதினான்காம் மணித்துளியில் அவள் அவ்வினாவை எழுப்பினாள்.

“ஒரே நீளத்துல ரெண்டு துணி. மூணுல ஒரு பங்கு பெருசா, ஆறுல ஒரு பங்கு பெருசா? யாரு சொல்வீங்க?”

முப்பத்தாறு கைகளும் ஒரே வீச்சில் எழுந்தன. தேர்வாளரின் புருவம் மகிழ்ச்சியில் உயர்ந்தது. அவள் நாட்டாமையைச் சுட்ட, அச்சிறுமி எழுந்து, பாட்டுப் பாடுவதுபோல இழுத்து, “மூன்றில் ஒரு பங்கே பெரியது டீச்சர். ஏனெனில் கீழே உள்ள எண் சிறியதானால் பின்னம் பெரியது டீச்சர்” என்று ஒப்புவித்து, அமரும்போது தன் ஆசிரியைக்குக் கண்சிமிட்டவும் செய்தாள். கைதட்டல் எழுந்தது. தேர்வாளரின் எழுதுகோல் தாளில் ஒரு சரிக்குறி இட்டது. அடுத்து ‘வலுவூட்டல்’. குறிப்பில் எல்லாம் இருந்தது. ஓடிக்கொண்டே இருந்தால் போதும், கரை சேர்ந்துவிடலாம்.

ஆனால் அவள் எழுந்த கைகளை எண்ணிவிட்டாள். பதினாறு ஆண்டு சட்டைகளின் இடக்கையையும் வலக்கையையும் வெவ்வேறாக வெட்டித் தைத்தவளின் கண் அது. எண்ணாதே என்றால் கேட்குமா? வலக்கை பதினொன்று. இடக்கை இருபத்தைந்து. இருபத்தைந்து பிள்ளைகள், எங்களுக்குப் புரியவில்லை என்று, கையைத் தலைக்குமேல் நீட்டி, அவளிடம் மட்டும், அவள் நன்மைக்காகவே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த பகுதிக்கு நகர்ந்தால் அவள் ஆசிரியையாகிவிடலாம். நகர்ந்தபின் எந்த முகத்தோடு ஆசிரியையாக இருப்பது?

அவள் இரண்டாம் முறை கேட்டாள். “வேற யாரு சொல்வீங்க?” கைகள் மீண்டும் எழுந்தன. அவள் விரல் பதினொரு வலக்கைகளையும் கடந்து, சுவரோரத்துக் கடைசி இருக்கைவரை போய் நின்றது. அங்கே இருந்த சிறுமி எட்டு வாரங்களில் ஒருநாளும் வாய் திறந்திராதவள். சுவரில் முதுகு ஒட்டியே இருப்பதால் ‘சுவரொட்டி’ எனப்பட்டவள். அவள் சட்டையின் மூன்று பொத்தான்களும் அளவுநாடா தைத்தவை.

சிறுமி எழுந்தாள், உயர்த்திய கையை இறக்கவும் மறந்து, ஆசிரியை தவறிழைத்துவிட்டாளே என்னும் பதற்றத்தில், எல்லார்க்கும் கேட்கச் சொல்லிவிட்டாள்.

“டீச்சர்... இது இடது கை டீச்சர்.”

நாட்டாமை இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். தேர்வாளர் தாளிலிருந்து தலையை உயர்த்தினார். பயிற்றுநர் கண்களை மூடிக்கொண்டார்.

“தெரியும்மா. அதனாலதான் உன்னைக் கேக்கறேன்” என்றாள் அளவுநாடா. “தப்பா இருந்தாலும் பரவால்ல. உனக்கு என்ன தோணுதோ அதைச் சொல்லு.”

சிறுமி தன் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தாள்; மணித்துளிகள் கரைந்தன. பின்பு, “ஆறுதான் டீச்சர் பெருசு. மூணைவிட ஆறுதானே பெருசு?” என்று அச்சிறுமி சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிப்பொலியை எதிர்பார்த்துத் தோளைக் குறுக்கினாள்.

அளவுநாடா அவ்விடையைத் திருத்தவில்லை. கரும்பலகையின் நடுவில், முத்தான எழுத்தில், ‘ஆறில் ஒரு பங்கு பெரியது, ஏனெனில் ஆறு மூன்றைவிடப் பெரியது’ என்று எழுதிவிட்டுத் திரும்பி, “இப்படி நினைக்கறவங்க எல்லாரும் இடது கையைத் தூக்குங்க. தைரியமாத் தூக்குங்க” என்றாள். ஒன்று, இரண்டு, பத்து, இருபத்தைந்து. இருபத்தாறாவதாக, வலக்கை உயர்த்தியிருந்த ஒருவனும் சற்றே எண்ணிப்பார்த்துக் கையை மாற்றிக்கொண்டான்.

அதன்பின் அவள் குறிப்பேட்டை மூடி ஒரு புறம் வைத்தாள். தையற்பொருள்கள் வைத்திருக்கும் தன் பையிலிருந்து, ஒரே நீளமுடைய இரு துணிப்பட்டைகளையும் கத்தரியையும் எடுத்துச் சிறுமியை முன்னே அழைத்தாள். ஒரு பட்டையை மூன்றாக மடிக்கச் செய்தாள். மற்றதை மூன்றாக மடித்து, மேலும் ஒருமுறை பாதியாக மடித்து, ஆறாக்கச் செய்தாள். பிள்ளைகள் இருக்கையை விட்டெழுந்து சூழ்ந்துகொண்டனர். குறிப்பில் அதற்கு இடமில்லை, அவளும் தடுக்கவில்லை. மடித்த இடங்களில் சிறுமியே வெட்டினாள். ஒரு கையில் மூன்றின் துண்டு, மறுகையில் ஆறின் துண்டு. இரண்டையும் மாறி மாறிப் பார்த்து நின்ற அம்முகத்தில், முதலில் குழப்பம், பின்பு ஐயம், அதன்பின் கையிலுள்ளதை நம்பலாமா கூடாதா என்ற வழக்கு, எல்லாம் வந்துபோயின. எவரும் விடையைச் சொல்லிவிடாதபடி அளவுநாடா உதட்டில் விரல்வைத்து நின்றாள். அப்படி நிற்பது, அன்பரே, பேசுவதைவிட அரிது.

“ஆளு கூடக் கூட பங்கு சின்னதாயிடுது டீச்சர்!” என்று கத்தினாள் சுவரொட்டி. “ஆறு பேருக்குப் பிச்சா ஒருத்தருக்குக் கொஞ்சம்தான் வரும். எங்க வீட்டுலயும் அப்படித்தான்!”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அச்சிறுமியும் சேர்ந்து சிரித்தாள். “அப்போ பத்துல ஒரு பங்கு?” என்று நாட்டாமை தானாகவே கேட்டாள். “இன்னும் சின்னது!” என்று சுவரோரத்துச் சிறுமி அவளுக்கே பாடம் சொன்னாள். ஒப்புவித்த விடையின் பொருள் நாட்டாமைக்கும் அப்போதுதான் விளங்கிற்று. மற்றவர்களும் துணி கேட்டுக் கைநீட்ட, வெட்டியும் மடித்தும் ஒப்பிட்டும் வாதிட்டும் அறை இரைந்துகொண்டிருக்கையில், மணி அடித்தது.

தொகுத்தல் இல்லை. மதிப்பிடல் இல்லை. வீட்டுப்பாடம் இல்லை. கரும்பலகையின் நடுவே தவறான விடை ஒன்று அழிக்கப்படாமல் நின்றது. பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக வாடின. “உன்னாலதான்டி” என்று எவனோ சுவரொட்டியை நோக்கி முணுமுணுக்க, அளவுநாடா அவனைப் பார்த்த பார்வையில் அவன் வாய் அடைத்துப்போயிற்று.

தலைமை ஆசிரியரின் அறையில் மூவரும் அமர்ந்தனர். தேர்வாளர் நெடுநேரம் குறிப்பேட்டைப் புரட்டினார்.

“மூணு பகுதி நடத்தவே இல்ல.”

“ஆமா சார்.”

“அந்த இடது கை ஏற்பாடு யாரோடது?”

“என் வகுப்பு சார். பொறுப்பு என்னுது. பிள்ளைங்க மேல தப்பு இல்ல. எனக்கு நேத்தே தெரியும், வேணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல.”

அவள் குரல் நடுங்கவில்லை. எல்லாம் போயிற்று என்று உறுதியானபின் நடுங்க என்ன இருக்கிறது? பயிற்றுநர் அப்போது நிமிர்ந்தார்.

“சார், ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி நானும் இதே வகுப்புலதான் பரீட்சை கொடுத்தேன். நீங்கதான் மார்க் போட்டீங்க. தொண்ணூத்தொண்ணு. அந்த வருஷத்துல நான்தான் முதல். அன்னிக்குத் தூக்கின கையில பாதிக்கு மேல இடது கை சார். நான் ஒருத்தரைக்கூடக் கூப்பிடல. இந்தத் தடவை எங்கேயும் நிக்காதீங்கன்னு இவங்களுக்குச் சொன்னதும் நான்தான்.”

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இருபத்திரண்டு ஆண்டுகள், ஆண்டுக்கு எத்தனையோ வகுப்புகள், வகுப்பு நிறைய உயர்ந்த கைகள். அவற்றைக் கண்டு தாம் பூரித்ததையும், இப்பள்ளியைப்போல உண்டா என்று போகுமிடமெல்லாம் மெச்சியதையும் அவர் எண்ணியிருக்க வேண்டும். சினந்து எழுவார் என்று இருவரும் அஞ்சினர். அவர் எழவில்லை. “நான் பின்னாடியே உக்காந்திருந்தேன்ல... கையைத்தான் பாத்தேன். எந்தக் கைன்னு பாக்கத் தோணலையே” என்று தமக்கே சொல்லிக்கொண்டார்.

பின்பு மதிப்பெண் தாளை எடுத்தார். நேர்மையாளர் அவர், நடத்தாத மூன்று பகுதிக்கும் மூன்று சுழிகள் இட்டார். காலம் கடைப்பிடித்தலுக்கு ஒரு சுழி. ‘மாணவர் விடையைக் கையாளுதல்’ என்ற வரிக்கு வந்தபோது மட்டும் எழுதுகோல் சிறிது நின்றது. இருபத்திரண்டு ஆண்டில் அவ்வரிக்கு அவர் எவருக்கும் முழு மதிப்பெண் இட்டதில்லை. இட்டார், அடிக்கோடும் இட்டார். எஞ்சிய வரிகளுக்கும் உரியதை இட்டுக் கூட்டித் தாளை மடித்து உறையில் வைத்தார். கூட்டுத்தொகை என்னவென்று இருவரிடமும் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்துக் கல்லூரியின் பலகையில் பட்டியல் ஒட்டப்பட்டது. தேறுவதற்கு ஐம்பது வேண்டும், அளவுநாடாவுக்கு ஐம்பத்திரண்டு. பட்டியலில் கடைசி எண் அவளுடையது. கணவர் கூட்டத்தை முழங்கையால் விலக்கிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “கடைசியா இருந்தா என்னம்மா? கடைசில நிக்கறவங்களாலதான் லிஸ்டே முழுசாகுது” என்று, எதிரே வந்தவர் அனைவரும் கேட்குமளவு உரக்கச் சொன்னார். அவள் அப்பட்டியலை நின்று பார்த்தாள். மேலே இருந்த எண்களைப் பார்க்கவில்லை; தன் எண்ணை மட்டும், தானே தைத்த முதற்சட்டையைப் பார்ப்பதுபோல், உச்சி குளிரப் பார்த்தாள். அதைவிடப் பெரிய மதிப்பெண் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அன்று நண்பகல் அவள் மணல் முற்றத்தைக் கடந்து, விடைபெற நான்காம் வகுப்புக்குச் சென்றாள். கால் நடுங்கவில்லை. “பாஸ்!” என்று அவள் சொன்னதும் எழுந்த கூச்சலில் பக்கத்து வகுப்புகள் மூன்றும் வாசலுக்கு வந்துவிட்டன. அடங்கியபின் அவள் கேட்டாள்.

“போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. நாம நடக்கும்போது நிலா ஏன் நம்மகூடவே வருது?”

முதற்கை சுவரோரத்திலிருந்து எழுந்தது. இடக்கை, நேராக, விறைப்பாக, கூரையைத் தொட்டுவிடுவதுபோல. அழைக்கும்வரை அச்சிறுமி பொறுக்கவுமில்லை.

“எனக்குத் தெரியல டீச்சர்!”

பரிசு பெற்றவள் தன் பெயரைச் சொல்வதுபோல அத்தனை பெருமிதத்தோடு அவள் அதைச் சொன்னாள். அவளைத் தொடர்ந்து இடக்கைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. பழக்கத்தால் வலக்கையை உயர்த்திவிட்ட நாட்டாமை, சுற்றுமுற்றும் பார்த்து, தனக்குள் வழக்கை விசாரித்து, தீர்ப்பும் வழங்கி, அக்கையை இறக்கி மற்றதை உயர்த்தினாள். “எனக்கும் தெரியல டீச்சர்.”

அளவுநாடா முப்பத்தாறு இடக்கைகளையும் எண்ணி முடித்தாள். பிறகு, கத்தரி பிடித்துக் காய்த்த கை வலக்கையாதலால் அதைக் கீழே விட்டு, தன் இடக்கையையும் உயர்த்தினாள்.

அன்பரே, அவ்வூரில் அப்பள்ளி இன்றும் உள்ளது, முற்றமும் உள்ளது, குழாய் இன்றும் சொட்டுகிறது. பாடக்குறிப்பில் இப்போது ஆறாவதாக ஒரு கட்டமும் உள்ளது. ‘இன்று கேட்ட தவறான விடை’ என்பது அதன் தலைப்பு. அதை வெறுமையாக விட்டுவந்தால் பயிற்றுநர் சிவப்பு மையால் வட்டமிடுகிறார். அறிந்ததைச் சொல்ல உயர்ந்த கைகளால் ஆசிரியர்க்குப் புகழ் வரும். அறியாததைச் சொல்ல ஒரு பிள்ளை அஞ்சாமல் கையுயர்த்துமாயின், அவ்வறையில் ஆசிரியர் ஒருவர் இருக்கிறார் என்று பொருள்.